சஸ்பெண்ட் ஆன வாரங்களின் கணக்கு

ஹாலிவுட் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்டைப் பற்றி எழுத உட்காருகிறவர்களின் கை தானாக எழுதிவிடும் வரி ஒன்று உண்டு: ஒற்றை ஆளாகக் கோர்ட்டுக்குப் போய் ஹாலிவுட்டின் ஸ்டூடியோ ராஜ்ஜியத்தையே சாய்த்தவர். 2020 ஜூலை 26 அன்று, 104 வயதில், பாரிஸில் அவர் காலமானபோதும் இந்த வரிதான் சுற்றிச் சுற்றி வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்கு இடிக்கிறது. அவருக்குச் சாதகமான மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது 1944 டிசம்பரில். அதற்கு ஒன்பது வருஷம் கழித்து, 1954 ஜனவரியில், ஒரு படத்தில் நடிக்க மறுத்தார் என்று மர்லின் மன்றோவை ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் சஸ்பெண்ட் செய்கிறது. அவர் கையெழுத்துப் போட்டிருந்ததும் ஏழாண்டு ஒப்பந்தத்தில்தான். சாய்ந்துபோன ராஜ்ஜியம் எப்படி உத்தரவு போட்டது? ஸ்டூடியோக்களின் இடுப்பை உடைத்தது, சொந்தத் தியேட்டர்களை அவை விற்கும் நிலைக்குத் தள்ளிய 1948ஆம் வருட உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், வீட்டுக்கு வீடு வந்து உட்கார்ந்துகொண்ட டெலிவிஷனும்தான். ஒலிவியா ஜெயித்தது அதைவிடச் சின்ன, ரொம்பவும் குறிப்பான ஒரு விஷயத்தில். ஒப்பந்தத்தில் ஓடும் கடிகாரத்தை நிறுத்தி வைக்கும் அதிகாரம் முதலாளிக்கு உண்டா இல்லையா என்பதில். அந்தச் சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு போனால்தான் அவருடைய நடிப்பு வாழ்க்கையும் புரிகிறது என்பது என் கட்சி.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1916 ஜூலை 1ஆம் தேதி டோக்கியோவில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1919இல் அம்மா இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு கலிபோர்னியா வந்து, சாரட்டோகா என்ற ஊரில் குடியேறினார். இரண்டாவது பெண்தான் பின்னாளில் நடிகையான ஜோன் ஃபான்டைன். 1934இல் ஆஸ்திரிய இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட், ‘ஹாலிவுட் போல்’ (Hollywood Bowl) என்ற திறந்தவெளி அரங்கில் ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ போட்டபோது, ஹெர்மியா வேடத்துக்கு மாற்று நடிகையாகச் சேர்ந்தார் ஒலிவியா. வேடத்தில் இருந்தவர் வேறு பட வேலை வந்து விலக, மேடை இவருக்கு வந்தது. அதையே வார்னர் பிரதர்ஸ் படமாக எடுத்தபோது இவரையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. 1934 நவம்பரில் கையெழுத்து. வயது 18, சம்பளம் வாரம் 200 டாலர். 1935ஆம் வருடத்தில் மட்டும் அவர் நடித்த நான்கு படங்கள் வெளிவந்தன. நான்காவது ‘கேப்டன் பிளட்’. எரல் ஃப்ளின்னோடு அவர் சேர்ந்து நடித்த எட்டுப் படங்களில் முதலாவது.

ஒப்பந்தத்துக்குள் என்ன இருந்தது

‘ஏழாண்டு ஒப்பந்தம்’ என்று சொல்லும்போது ஏழு வருஷம் வேலை நிச்சயம் என்றுதான் காதில் விழும். அப்படி இல்லை. நிச்சயமாக இருந்தது முதல் தவணை மட்டும்தான். புதுமுகங்களுக்கு அது ஆறு மாதமாகக்கூட இருக்கும். அந்தத் தவணை முடிவதற்குள், தொடரலாமா வேண்டாமா என்று ஸ்டூடியோ முடிவெடுக்கும். தொடர்ந்தால் முன்பே எழுதி வைத்த அளவுக்குச் சம்பளம் ஒரு படி ஏறும். தொடரவில்லையென்றால் அன்றோடு கணக்குத் தீர்ந்தது. இந்த விருப்பம் ஸ்டூடியோவுக்கு மட்டுமே. படம் பிய்த்துக்கொண்டு ஓடினாலும், வெளியே யாராவது மூன்று மடங்கு தரத் தயாராக இருந்தாலும், நடிகை எழுந்து போக முடியாது. ஏழு ஆண்டு என்பது ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம், இன்னொரு பக்கத்துக்குக் குறைந்தபட்சம்.

வருஷத்தின் 52 வாரத்துக்கும் சம்பளம் வராது. வழக்கத்தில் இருந்தது 40 வாரச் சம்பளம். மீதி 12 வாரம் வேலையில்லாத காலம். அந்த நாட்களிலும் வேறு கம்பெனிக்கு நடிக்கக் கூடாது. கதையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. வேறு ஸ்டூடியோ கேட்டால் இவரை இரவல் கொடுக்கலாம், அதற்கு வரும் தொகையில் இவருடைய வாரச் சம்பளம் போக மிச்சம் சொந்த ஸ்டூடியோவுக்கு. ஒரு உதாரணக் கணக்குப் போட்டால் தெளிவாகும். நடிகையின் சம்பளம் வாரம் 1,000 டாலர் என்று வையுங்கள். அவரை 8 வாரத்துக்கு வாரம் 3,000 வாங்கிக்கொண்டு இரவல் விட்டால், வந்தது 24,000, நடிகைக்குப் போனது 8,000. ஒரு அடிகூட ஃபிலிம் ஓட்டாமல் 16,000 லாபம். நடிகருக்கு நடிகரை மாற்றிக்கொள்வதும் உண்டு. 1941இல் பாரமவுன்ட் ஒலிவியாவைக் கேட்டபோது, வார்னருக்கு ஒரு விமானப் படத்துக்கு பாரமவுன்ட்டிலிருந்த ஃப்ரெட் மக்மரே தேவைப்பட்டார். இவர் அங்கே போனார், அவர் இங்கே வந்தார்.

இதற்கெல்லாம் மேல் சஸ்பென்ஷன். கொடுத்த வேடத்தை வேண்டாம் என்றால் அன்றிலிருந்து சம்பளம் நிற்கும். எத்தனை நாள்? அந்த வேடத்தை இன்னொருவர் நடித்து முடிக்கும் வரை. அதாவது இவர் ஒதுக்கிய படத்தின் ஷூட்டிங் இழுத்தால் இவருக்கான தண்டனையும் இழுக்கும். பலர் கவனிக்காமல் தாண்டிப் போவது அடுத்த வரியை: அப்படி நின்ற வாரங்கள் அத்தனையும் ஒப்பந்தத்தின் கடைசியில் ஒட்டப்படும். மேலே சொன்ன 1,000 டாலர் நடிகை 8 வாரப் படம் ஒன்றை மறுத்தால் 8,000 டாலர் போகிறது. அதோடு அவர் விடுதலையாகும் தேதியும் 8 வாரம் தள்ளிப் போகிறது. வருஷத்துக்கு இப்படி இரண்டு படம் மறுத்தால் ஏழு வருஷத்தில் 112 வாரம், அதாவது இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல். அந்த இரண்டு வருஷத்திலும் மறுத்தால் அதற்கும் நீட்டிப்பு. நல்ல வேடம் மட்டுமே செய்வேன் என்று பிடிவாதம் பிடிக்கும் நடிகைக்கு ஒப்பந்தம் முடியவே முடியாது. அடங்கிப் போகிறவருக்குத்தான் ஏழு வருஷத்தில் கதவு திறக்கும்.

பெட் டேவிஸ் இதே வார்னரோடு 1936இல் மோதிப் பார்த்தார். ஒப்பந்தத்தை மீறி இங்கிலாந்தில் படம் நடிக்கப் போனார். வார்னர் லண்டன் கோர்ட்டில் தடையுத்தரவு வாங்கியது. டேவிஸ் தோற்று, திரும்பி வந்து வேலையில் சேர்ந்தார். அந்தத் தோல்வி எல்லா நடிகர்களுக்கும் ஒரு பாடமாகவே நின்றது. ஆனால் இரண்டு வழக்கையும் ஒரே தராசில் வைப்பது தவறு. டேவிஸ் கேட்டது, நடுவில் இருக்கும் ஒப்பந்தத்திலிருந்து என்னை விடு என்று. ஒலிவியா கேட்டது, இது முடிந்துவிட்டதா இல்லையா என்று மட்டும்.

வெளியே போனால் மட்டும்

ஒலிவியாவின் பெயர் ஆஸ்கர் பட்டியலில் ஐந்து முறை வந்தது. 1939, 1941, 1946, 1948, 1949ஆம் வருடப் படங்களுக்கு. இந்த ஐந்தில் ஒன்றுகூட வார்னர் எடுத்த படம் இல்லை. தயாரிப்பாளர் செல்ஸ்னிக்குக்காக ஒன்று, பாரமவுன்ட்டில் மூன்று, ஃபாக்ஸில் ஒன்று. வார்னரில் அவர் நடித்தவை இருபதுக்கும் மேல். அவரை வளர்த்தது வார்னர்தான் என்று வாதாடுகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

‘கான் வித் தி விண்ட்’ படத்துக்கு இவரை அனுப்ப ஸ்டூடியோ முதலாளி ஜாக் வார்னர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. ஊரே ஸ்கார்லெட் வேடத்துக்கு அடித்துக்கொண்டிருந்தபோது இவர் கேட்டது மெலனியை. வார்னர் மசியாததால், அவருடைய மனைவி ஆனைத் தேநீருக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னார் ஒலிவியா. ஆன் பேசிய பிறகுதான் அனுமதி வந்தது; அதற்கும் விலை உண்டு. ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை ஒரு படத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை செல்ஸ்னிக்கிடம் இருந்தது, அதை வார்னர் வாங்கிக்கொண்டார். சரி, மெலனியாக நடித்து முடித்துத் திரும்பியவருக்குத் தாய்வீடு என்ன கொடுத்தது? அதே 1939இல் வெளிவந்த ‘எலிசபெத் அண்ட் எஸ்ஸெக்ஸ்’ படத்தில் ராணியின் தோழிப் பெண்களில் ஒருத்தி. பெட் டேவிஸுக்கும் ஃப்ளின்னுக்கும் கீழே மூன்றாவது பெயர். இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். மெலனி அதிகம் பேசாத பெண். ஆனால் சுற்றி இருப்பவர்கள் பொய் சொல்லும்போது அது தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதற்கு ஒலிவியா கண்ணை மட்டுமே வைத்துக்கொண்டு செய்யும் வேலை அபாரம். பின்னதில் அந்தக் கண்ணுக்கு வேலையே கிடையாது. பொறாமைப்படுவதும் பாடுவதும் உடை உடுத்துவதும்தான். அதே முகம், ஏறக்குறைய அதே மாதங்கள்.

1941இல் பாரமவுன்ட்டுக்குப் போய் நடித்த ‘ஹோல்ட் பேக் தி டான்’ படமும் இப்படித்தான். அமெரிக்காவுக்குள் நுழைவதற்காகவே கல்யாணம் செய்துகொள்ளும் ஒருவனை நம்பும் பள்ளி ஆசிரியை. எளிதில் அசடாக்கிவிடக்கூடிய பாத்திரம். அசடாகாமல் காப்பாற்றியது இவர். அந்த வருட விருது தங்கை ஜோன் ஃபான்டைனுக்குப் போனது. அக்கா தங்கை பகையைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் தாண்டிப் போகிறேன். இங்கே முக்கியம், அந்த ஆஸ்கர் பரிந்துரைக்குப் பிறகும் வார்னர் அனுப்பிய கதைகளின் தரம் மாறவில்லை என்பது. இவர் மறுத்தார். அவர்கள் சஸ்பெண்ட் செய்தார்கள். மறுபடி மறுத்தார், மறுபடி சஸ்பெண்ட்.

1943 மே 5

வழக்கின் கணக்கு 1934 ஒப்பந்தத்திலிருந்து தொடங்கவில்லை. 1936இல் புது ஒப்பந்தம் போட்டு, அது அந்த வருடம் மே 5ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்தது. முதல் 52 வாரம், பிறகு நீட்டிக்கும் விருப்பங்கள், மொத்தம் ஏழு வருஷம். காலண்டர்படி 1943 மே 5ஆம் தேதியோடு முடிகிறது. வார்னர் சொன்னது வேறு: நீங்கள் சஸ்பென்ஷனில் இருந்த வாரங்களைக் கூட்டினால் சுமார் ஆறு மாதம் வருகிறது, அதையும் வேலை செய்து தீர்த்துவிட்டுப் போங்கள். பெரும்பாலானவர்கள் ஆறு மாதம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு முடித்திருப்பார்கள். ஆனால் முன்பு போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். அந்த ஆறு மாதத்திலும் மோசமான கதை வரும், மறுத்தால் இன்னும் நீளும். இதற்கு எல்லையே இல்லை என்று அவருக்குத் தெரியும்.

வக்கீல் மார்ட்டின் காங் காட்டிய ஆயுதம் ஒரு பழைய சட்டம். தனிநபர் உழைப்பை விற்கும் ஒப்பந்தத்தை இத்தனை வருஷத்துக்கு மேல் தொழிலாளி மீது திணிக்க முடியாது என்று கலிபோர்னியாவின் 1872ஆம் வருட சிவில் சட்டத்திலேயே இருக்கிறது. அப்போது வரம்பு இரண்டு வருஷம். 1919இல் ஐந்தாக்கினார்கள், 1931இல் ஏழாக்கினார்கள். 1937இல் அது தொழிலாளர் சட்டத்தின் 2855ஆம் பிரிவாக இடம் மாறியது. ஸ்டூடியோ ஒப்பந்தங்கள் ஐந்தும் எட்டுமாக இல்லாமல் சரியாக ஏழாக இருந்ததற்கும் இந்த வரம்பே காரணம். ஆக, சட்டம் ஸ்டூடியோக்களுக்கு நன்றாகவே தெரியும். அந்த ஏழை எப்படி எண்ணுவது என்பதில்தான் அவர்கள் சாமர்த்தியம் காட்டினார்கள். ஏழு வருஷம் என்றால் ஏழு வருஷ வேலை. வேலை செய்யாத நாள் கணக்கில் வராது என்பது அவர்கள் எண்ணிக்கை. நடிகர்களும் அப்படியே நம்பினார்கள், யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

1943 ஆகஸ்ட் 23 அன்று லாஸ் ஏஞ்சலஸ் சுப்பீரியர் கோர்ட்டில் வழக்கு தாக்கலானது. கேட்டது நஷ்டஈடு அல்ல, வார்னர் மீது கொடுமைப் புகாரும் அல்ல. 2855ஆம் பிரிவின்படி ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான். இதுதான் வழக்கின் புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். சஸ்பென்ஷன் நியாயமா அநியாயமா, கதை நன்றாக இருந்ததா இல்லையா என்று இறங்கியிருந்தால் வார்னர் வக்கீல்கள் ‘செல்லம் கொடுத்துக் கெட்ட நடிகை’ என்று நாள் கணக்கில் பேசியிருப்பார்கள். சஸ்பென்ஷன் எல்லாம் சரியாகவே நடந்தது என்று வைத்துக்கொண்டாலும் ஏழு வருஷம் முடிந்துவிட்டதே என்று சொன்னால் அதற்குப் பதில் காலண்டரில்தான் இருக்கிறது.

நவம்பரில் கீழ்க்கோர்ட்டில் ஜெயித்தார். வார்னர் உடனே மேல்முறையீடு செய்தது. 1944 டிசம்பர் 8 அன்று, நீதிபதி ஷின் எழுதிய தீர்ப்பு வந்தது. சட்டப் புத்தகங்களில் இந்த வழக்கு இன்றைக்கும் இவர் பெயரில் ஒரு ‘எல்’ எழுத்தை விட்டுவிட்டுத்தான் அச்சாகிறது. இரண்டு எழுத்து வர வேண்டிய இடத்தில் ஒன்று. தீர்ப்பின் சாரம் இரண்டு படிகளில். ஒன்று, ஏழு வருஷம் என்று சட்டமன்றம் சொன்னால் அது காலண்டர் வருஷம். உழைத்த நாட்களைப் பொறுக்கிச் சேர்த்த வருஷம் இல்லை. அப்படிச் சேர்க்கலாம் என்றால் ஏழு வருஷ ஒப்பந்தத்தை எத்தனை வருஷத்துக்கு வேண்டுமானாலும் இழுத்துவிடலாம், வரம்பு வைத்ததற்கே அர்த்தம் போய்விடும். இரண்டாவது படி இன்னும் முக்கியம். நடிகையே நீட்டிப்புக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்று வார்னர் வாதாடியது. பொதுநலனுக்காகப் போட்ட சட்டத்தை இரண்டு பேர் தங்களுக்குள் எழுதிக்கொண்டு தள்ளுபடி செய்ய முடியாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. ஒருவர் தேர்ச்சியும் அனுபவமும் பெறப் பெற, மேலே போகவும் கிடைக்கக்கூடிய அதிகபட்ச ஊதியத்துக்குத் தன் திறமையைக் கொடுக்கவும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் நியாயம். வேலை செய்கிற எவருக்கும் பொருந்தும் நியாயம். 1945இல் மாநில உச்ச நீதிமன்றம் இதைக் கையிலெடுக்க மறுத்ததும் வழக்கு முடிந்தது.

தீர்ப்பு எதைத் தொடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சஸ்பென்ஷன் சட்டவிரோதம் என்று அது சொல்லவில்லை. சம்பளத்தை நிறுத்துவதைத் தடுக்கவில்லை. ஒருதலையான விருப்பங்களைத் தடுக்கவில்லை. ஏழு வருஷ ஒப்பந்தம் போடுவதையும் தடுக்கவில்லை. மன்றோவின் சஸ்பென்ஷன் இதனால்தான் சாத்தியமானது. மாறியது ஒன்றே ஒன்று: மறுப்பதற்கு இனி ஒரு விலைதான். பணம் போகும், தேதி நகராது. உலகப் போரில் சேவைக்குப் போயிருந்த நடிகர்களுக்கும் இது உதவியது. ராணுவத்தில் கழிந்த வருஷங்களும் ஏழில் சேர்ந்துவிட்டதால், திரும்பி வந்தவர்களைப் பழைய ஒப்பந்தம் கட்டிப்போடவில்லை.

நடுவில் போன காலம்

கோர்ட் நாடகத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வழக்கு நடந்த காலம்தான். கீழ்க்கோர்ட்டில் ஜெயித்த பிறகும் மேல்முறையீடு நிலுவையில் இருந்தது. இவர் இன்னும் எங்கள் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார், வேலை கொடுக்காதீர்கள் என்று மற்ற ஸ்டூடியோக்களுக்கு வார்னர் தகவல் அனுப்பியது. எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். ஏறக்குறைய இரண்டு வருஷம் எந்த ஸ்டூடியோவிலும் அவர் நடிக்கவில்லை. வயது 27, 28. ஹாலிவுட் கதாநாயகிக்கு அது எப்படிப்பட்ட வயது என்று விளக்க வேண்டியதில்லை. வருமானம் இல்லை, வக்கீல் செலவு தன் பையிலிருந்து. தோற்றிருந்தால் வேலை செய்யாத அந்தக் காலமும் ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டியிருக்கும்.

அந்த இடைவெளியில் ராணுவ ஆஸ்பத்திரிகளில் காயம்பட்ட வீரர்களைப் பார்க்கப் போனார். அலாஸ்கா பக்கத்து அலூஷியன் தீவுகள், பிறகு தென் பசிபிக். பாட்டும் நடனமும் தெரியாத நடிகை கூட்டத்தின் முன் என்ன செய்ய முடியும்? வார்டு வார்டாகப் போய்ப் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். ஃபிஜியில் நிமோனியா வந்து அவரே ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. வார்னரோ அவர் நடித்து முடித்த ‘டிவோஷன்’ படத்தைப் பெட்டிக்குள் வைத்திருந்து 1946இல்தான் வெளியிட்டது, அதுவும் அவர் பெயரை மூன்றாவதாகப் போட்டு.

விடுதலையை எதற்குச் செலவழித்தார்

1946 முதல் 1949 வரையிலான நான்கு வருஷம்தான் அவர் வாழ்க்கையின் உச்சம். பாரமவுன்ட்டில் ‘டு ஈச் ஹிஸ் ஓன்’. கல்யாணமாகாமல் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையை வேறு வீட்டில் வளரவிட்டுத் தூரத்திலிருந்து பார்க்கும் ஜோடி நாரிஸ் (Jody Norris) என்ற பெண். முதல் உலகப் போரில் தொடங்கி இரண்டாம் உலகப் போரில் முடிகிற கதை. இயக்குநராக மிட்செல் லெய்சன்தான் வேண்டும் என்று இவர் நின்றார். பழைய ஒப்பந்தத்தில் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். படத்தில் கவனிக்க வேண்டியது மேக்கப் அல்ல, குரல். இளம் ஜோடி நாரிஸின் குரல் மேலே எழும்பி எழும்பிப் போகும். நடுத்தர வயதில் அது தாழ்ந்து வறண்டுவிடுகிறது. வியாபாரம் பேசுகிற பெண்ணின் குரல். லண்டனில், தான் யார் என்று தெரியாத மகனுக்கு முன்னால் நிற்கும்போது அந்த வறண்ட குரல் ஒரு விநாடி பழையபடி எழும்பப் பார்த்து அடங்கும். முதல் ஆஸ்கர் இதற்குத்தான். அதே வருஷம் ‘தி டார்க் மிரர்’ படத்தில் இரட்டைச் சகோதரிகள், ஒருத்தி கொலைகாரி. நம்மூர் இரட்டை வேடப் படங்களைப் போல மச்சம், தலைமுடி என்று அடையாளம் வைத்துக்கொள்ளாமல், பதில் சொல்வதற்கு முன் விடும் இடைவெளியில் இருவரையும் பிரித்துக் காட்டியிருப்பார்.

1948இல் ‘தி ஸ்னேக் பிட்’. மனநல மருத்துவமனையில் அடைபட்ட பெண். இயக்குநர் அனடோல் லிட்வாக் படக்குழுவை நிஜ மருத்துவமனைகளுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மின் அதிர்ச்சி சிகிச்சை, தண்ணீர்த் தொட்டியில் மணிக்கணக்கில் வைத்திருக்கும் சிகிச்சை எல்லாவற்றையும் ஒலிவியா நேரில் பார்த்தார். உடம்பை இளைக்கவிட்டார். ஃப்ளின்னோடு குதிரையில் போன பளபளப்பு துளியும் இல்லை. தலை கலைந்து, தோல் மங்கி, தான் எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் முதல் காட்சியில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, அந்தக் காட்சி ஒன்றே போதும். வார்னர் இந்த முகத்தைத் திரையில் காட்டச் சம்மதித்திருக்குமா என்பது சந்தேகம்.

‘தி எய்ரஸ்’ படத்துக்குக் கதையைக் கொண்டுவந்தவரே அவர்தான். ஹென்ரி ஜேம்ஸ் நாவலிலிருந்து எடுத்த நாடகத்தை நியூயார்க்கில் பார்த்துவிட்டு இயக்குநர் வில்லியம் வைலருக்குச் சொன்னார். வைலர் பார்த்தார், பாரமவுன்ட் உரிமை வாங்கியது. பணக்கார அப்பா, அழகில்லாத மகள், பணத்துக்காக வரும் காதலன். அவன் வராமல் போன இரவில் பெட்டியோடு மாடிப்படி ஏறும் காட்சியைப் பற்றி ஒரு தகவல் உண்டு. வைலர் திரும்பத் திரும்ப எடுத்தும் திருப்தியாகவில்லை. சலித்துப்போன ஒலிவியா பெட்டியைத் தூக்கி எறிந்தார். அது விழுந்த விதத்தில் காலிப் பெட்டி என்று வைலருக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே புத்தகங்களை நிரப்பச் சொன்னார். அடுத்த முறை ஏறும்போது தோளும் கையும் தானே பேசின. படத்தில் அந்தத் தோள் எப்படிக் கீழே இழுபடுகிறது என்று நிறுத்திப் பாருங்கள். கையில் கனம் இல்லாமல் கனத்தை நடிக்கிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், இவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. இரண்டாவது ஆஸ்கர் இதற்கு வந்தது.

அதற்குப் பிறகு வேகம் குறைந்தது. 1949இல் மகன் பிறந்தான், 1951இல் பிராட்வேயில் போட்ட ‘ரோமியோ ஜூலியட்’ எடுபடவில்லை, ஐம்பதுகளின் நடுவில் பிரெஞ்சுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு பாரிஸில் தங்கிவிட்டார். சுதந்திரம் கிடைத்தவர்கள் எல்லோரும் உச்சத்திலேயே இருப்பார்கள் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. 1965இல் கான் திரைப்பட விழா நடுவர் குழுவுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் இவர்.

சட்டத்தில் இருக்கும் ஓட்டை

2855ஆம் பிரிவைப் பற்றிப் பேசும்போது ஓர் ஓட்டையைச் சொல்லாமல் விடக் கூடாது, ஏனென்றால் ஒலிவியாவே அதில் மாட்டியவர். அவர் வார்னருக்கு முதலில் கையெழுத்துப் போட்டது 1934 நவம்பரில். அதிலிருந்து ஏழு எண்ணினால் 1941 நவம்பரிலேயே வெளியே வந்திருக்கலாம். நடுவில் சம்பளத்தை ஏற்றி, புது ஒப்பந்தம் போட்டதால் கடிகாரம் 1936 மே மாதத்துக்குத் தள்ளிப் போனது. படமோ பாட்டோ ஓட ஆரம்பித்ததும் கம்பெனிக்காரர்கள் தாங்களே வந்து, பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டு நல்ல தொகைக்குப் புதிதாக எழுதலாம் என்று தாராளம் காட்டுவார்கள். அந்தத் தாராளத்தில் எத்தனை வருஷம் கழிந்து போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும்.

இசைத்தட்டு நிறுவனங்கள் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சட்டத்தையே திருத்த வைத்தன. 1987இல் சேர்த்த உட்பிரிவின்படி, பாடகர் ஏழு வருஷம் முடிந்து விலகினாலும், தருவதாகச் சொன்ன ஆல்பங்கள் பாக்கி இருந்தால் நிறுவனம் நஷ்டஈடு கேட்கலாம். ஜாரெட் லெட்டோவின் ‘தர்ட்டி செகண்ட்ஸ் டு மார்ஸ்’ ராக் இசைக்குழு இந்த ஏழாண்டு விதியைக் காட்டி விலகியபோது, 2008இல் அவர்கள் மீது இஎம்ஐ (EMI) இசைத்தட்டு நிறுவனம் போட்ட வழக்கின் தொகை 3 கோடி டாலர். மறு வருஷம் சமரசத்தில் முடிந்தது. சினிமாக்காரர்களுக்கு 1944இல் கிடைத்த பாதுகாப்பு பாடகர்களுக்குப் பாதிதான் மிச்சம்.

ஒலிவியா கடைசியாகக் கோர்ட் படியேறியது 2017 ஜூன் 30 அன்று, 101ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள். பெட் டேவிஸ், ஜோன் கிராஃபோர்ட் சண்டையைப் பற்றி எஃப்எக்ஸ் சேனல் எடுத்த தொடரில் கேத்ரின் ஸீட்டா-ஜோன்ஸ் இவராக நடித்திருந்தார். தங்கையைக் கெட்ட வார்த்தையில் குறிப்பிடுவதாகக் காட்டியிருந்தார்கள். என் அனுமதியில்லாமல் என் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தினார்கள், நான் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டினார்கள் என்பது புகார். 1944இல் அவரை ஜெயிக்க வைத்த அதே கலிபோர்னியா இரண்டாவது மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், 2018 மார்ச்சில் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. புகழ்பெற்ற நட்சத்திரமானாலும் பெயர் தெரியாத ஆளானாலும் வரலாறு யாருக்கும் சொந்தமில்லை என்றது அந்தத் தீர்ப்பு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் வழக்கை எடுக்க மறுத்தது. அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த முறை கோர்ட் சொன்னதுதான் சரி என்று நினைக்கிறேன். வாழ்ந்த மனிதர்களைப் பற்றி எழுதவோ எடுக்கவோ அவர்களிடமே அனுமதி வாங்க வேண்டும் என்று ஆகியிருந்தால், ஜாக் வார்னரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதியிருக்க முடியாது.